ஒரே நெபுலா, ஆண்டுக்கொரு படம்: வானப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

வானப் படம் எடுப்பதில் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று அறிய, பிடித்த ஒரு நெபுலாவை (விண்வெளியின் வாயு, தூசு மேகத்தை) ஆண்டுதோறும் எடுப்பதைவிட நல்ல வழி இல்லை. சில ஆண்டுகளில் நம் கேமராவுக்குத் தெரியும்படி நெபுலா மாறிவிடாது. படத்தில் தெரியும் மாற்றமெல்லாம் உங்கள் திறமை, கருவி, அன்றைய வானம் ஆகியவற்றால் வந்ததே.

ஒரே நெபுலாவை மறுபடி எடுத்துப் பார்ப்பது பழைய வழிதான். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அது. 1882 மார்ச்சில் அதே நெபுலாவை 137 நிமிடம் எடுத்தார். முன்பு பதியாத மங்கலான பகுதிகளும் பதிந்தன.

படி 1: இலக்கு

நீங்களும் ஓரியன் நெபுலாவிலேயே தொடங்கலாம். திருவாதிரை இருக்கும் அதே விண்மீன் கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அகலம் ஏறத்தாழ இரண்டு முழுநிலவு. பிப்ரவரி முன்னிரவில் தமிழ்நாட்டில் மிக உயரத்தில் தெரியும்.

படி 2: மாறாதவை

அதே இடம், அதே லென்ஸ், நிலவில்லாத இரவு, நெபுலா உயரத்தில் இருக்கும் நேரம். இவற்றைக் குறித்துவையுங்கள்.

படி 3: எடுக்கும் முறை

அதே விண்மீன் கூட்டத்தின் பிரகாசமான ரைஜல் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பு, ஐஎஸ்ஓ 1600 போதும். வானத்தின் நகர்வைப் பின்தொடரும் டிராக்கர் இல்லாமல் டிரைபாடில் 200 மி.மீ. லென்ஸ் வைத்தால் 1 விநாடிக்கு மேல் போகாதீர்கள். நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 600 படங்கள் எடுத்தால் மொத்தம் 10 நிமிடம். இறுதியில் லென்ஸை மூடி, அதே அமைப்பில் 20 டார்க் படங்கள் (கேமராவின் நாய்ஸைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்கள்) எடுங்கள்.

படி 4: ஸ்டாக்கிங்

எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவதே ஸ்டாக்கிங். இதற்கான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மொத்த நேரத்தை நான்கு மடங்காக்கினால், ஒளியோடு ஒப்பிடும்போது நாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சல்) பாதியாகக் குறையும்.

படி 5: மூன்று படங்களின் ஒப்பீடு

இதுதான் முக்கியமான படி. பழைய படத்தையும் புதிய படத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்தால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று தெரியாது. பழைய ரா கோப்புகளை இன்றைய திறமையோடு மறுபடி புராசஸ் செய்து, மூன்றாவது படமாக நடுவில் வையுங்கள். முதலுக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாடு கணினியில் நீங்கள் கற்றது. நடுவுக்கும் கடைசிக்கும் உள்ளது வானத்தடியில் கற்றதும், கருவியும் அன்றைய வானமும் கொடுத்ததும். அதனால்தான் பழைய ரா கோப்புகளை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

படி 6: எங்கே பார்ப்பது

நெபுலாவின் நடுவில் இருக்கும் டிரபீசியம் என்ற நட்சத்திரக் கொத்தின் நான்கு நட்சத்திரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, வெளுத்துப்போயினவா? வெளுத்திருந்தால் அடுத்த முறை குறைந்த எக்ஸ்போஷரிலும் ஒரு தொகுதி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் உருண்டையாக இருக்கின்றனவா? நெபுலாவின் வெளிச்சிறகுகளில் மங்கலான தூசு எவ்வளவு தூரம் தெரிகிறது?

மிகவும் குறையாகப் பட்ட ஒன்றை மட்டும் எழுதிவையுங்கள். அடுத்த பருவத்தில் அதை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது.