வீடியோப் பதிவுப்பொறியின் முகப்பு

தொலைக்காட்சி நிலையங்களில் வழங்கிய வீடியோப் பதிவுப்பொறியை முதன்முறை காண்பார், அதன் முகப்பில் நிறைந்துள்ள பொத்தான்களையும் குமிழ்களையும் விளக்குகளையும் கண்டு மலைப்பர். அவற்றுட் பெரும்பாலன தீங்கற்றன என்பதையும், அஞ்சத்தக்கன சிலவே என்பதையும் இக்கட்டுரையிற் காட்டப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டு ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில், 2 அங்குல அகலமுள்ள காந்த நாடாவிற் காட்சியைப் பதியும் பொறியை வெளியிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனத்தார் அதனைக்கொண்டு செய்தி ஒளிபரப்பினர். ஜப்பான் நாட்டு சோனி நிறுவனத்தார் 1982-இல் பீட்டாகாம் முறையையும், 1986-இல் அதன் திருந்திய வடிவாகிய பீட்டாகாம் எஸ்.பி.யையும் கொணர்ந்தனர். இவற்றின் நாடா அரை அங்குல அகலமுடையது, கேசட்டினுள் அடங்கியது. இவ்வகைப் பொறியையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முகப்பிலுள்ளவற்றை, நாடாவைக் காண்பதற்குரியன, நாடாவை மாற்றுவதற்குரியன என இரு கூறாகப் பகுக்கலாம்.

முதற்கூற்றில் ஓட்டுதல், நிறுத்துதல், முன்செலுத்துதல், பின்சுற்றுதல், கேசட்டை வெளிப்படுத்துதல் ஆகியவற்றுக்குரிய பொத்தான்கள் அடங்கும். இவற்றினருகே பெரியதொரு வட்டக் குமிழ் உண்டு. அஃது இரு வகையாய்த் தொழிற்படும். ‘ஜாக்’ நிலையில், நாம் திருப்புமளவே நாடா நகர்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டும். ‘ஷட்டில்’ நிலையில், எவ்வளவு சாய்த்துத் திருப்புகின்றோமோ அதற்கேற்ப விரைவு மிகும். ‘ஸ்டாண்ட்பை’ என்னும் பொத்தான், ஓட்டம் நின்ற பின்னும் காந்தத் தலைகள் தாங்கிய உருளையைச் சுழலச் செய்து, பொறியை ஆயத்தமாக வைப்பது. நெடுநேரம் அவ்வாறு விடின், ஒரே இடத்தில் உராய்ந்து நாடா தேயும்.

எண்காட்டியையும் அறிதல் வேண்டும். ‘சி.டி.எல்.’ என்னும் நிலையில் அது நாடாவின் ஓரத்துத் துடிப்புக்களை எண்ணிக் காலம் காட்டும். கேசட்டை மாற்றினால் அவ்வெண்ணிக்கை பயன்படாது. ‘டைம்கோடு’ என்பதோ நாடாவிலேயே எழுதப்பட்ட முகவரியாகும். முன்னது நடப்பவன் தன் அடிகளை எண்ணுவதை ஒக்கும். பின்னது சாலையிலுள்ள மைல்கல்லை ஒக்கும். நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் ஒரு வினாடிக்கு 25 படங்களாதலின், இறுதி எண் 00 முதல் 24 வரை செல்லும்.

இரண்டாம் கூற்றின் தலையாயது, ‘ரெக்’ என்னும் பதிவுப் பொத்தான். இதனைத் தனியே அழுத்தினால் பதிவு நிகழாது. ஓட்டும் பொத்தானையும் உடனழுத்த வேண்டும். ஒருவிரற் பிழையால் ஒரு காட்சி அழிந்துவிடலாகாது என்பதே இதன் கருத்து. தொகுத்தற் பொத்தான்களுள் ‘அசெம்பிள்’ என்பது படம், ஒலி, ஓரத்துடிப்பு அனைத்தையும் புதிதாய் எழுதும். ‘இன்சர்ட்’ என்பது ஓரத்துடிப்பை விடுத்து, நாம் குறித்தவற்றை மட்டும் மாற்றும். ஆதலின், பழைய காட்சியின் நடுவே ஒரு துண்டைச் சேர்ப்பான் அசெம்பிளை அழுத்துவானாயின், அத்துண்டின் இறுதியில் துடிப்புத் தொடர் அறுந்து படம் குலையும். இதனைத் தவிர்த்தற்கு ‘பிரிவியூ’ என்னும் பொத்தான் துணைசெய்யும். அது பதியாமலே தொகுப்பினை ஒத்திகை பார்க்க உதவுவது.

இவற்றுக்கு மேலும் காவலுண்டு. பீட்டாகாம் கேசட்டின் அடிப்புறத்துள்ள சிவப்புக் குமிழை உள்ளே அழுத்திவிட்டால், எப்பொத்தானை அழுத்தினும் அதிற் பதிய இயலாது.

இன்று இவற்றைக் கற்பதனால் யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். பீட்டாகாம் கேசட்டுக்களின் விற்பனையை சோனி நிறுவனத்தார் 2016-இல் நிறுத்திவிட்டனர். எனினும், அவற்றிற் பதிந்த காட்சிகள் பல இன்னும் கணினிக்கு மாற்றப்படாமல் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றைக் காட்டவல்ல பொறிகளோ நாளும் அருகி வருகின்றன. ஒரு கேசட்டில் உள்ளதே ஒரு நிகழ்ச்சியின் ஒரே படியாயிருத்தலுங் கூடும். அதன்மேற் புதிதாய்ப் பதிந்தபின் பழையதை மீட்டல் அரிது. ஆகவே, இப்பொறியைப் பயில விரும்புவோர் முதலிற் சிவப்புக் குமிழை அழுத்திக் காவல் செய்துவிட்டு, அதன்பின் ஓட்டும் பொத்தானில் விரல் வைத்தலே முறையாம் என்பது எமது துணிபு.