கற்பனை ஓடவில்லையா? பூனையைத் தேடுங்கள்

குறும்படமோ சிறுகதையோ பாதியில் நின்றுவிட்டதா? கைபேசியில் நூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை விடுங்கள். ஒரே ஒரு படைப்பின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள்.

மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பம் இதற்கு அருமையான இடம். முதலில் யானைகள்தான் கண்ணை இழுக்கும். அவசரப்படாமல் பார்த்தால், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை தெரியும்; காலடியில் எலிகள்! மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியும் கைகளை அப்படித்தான் உயர்த்தியிருக்கிறார். பெரிய கதைக்குள்ளேயே அதைச் சீண்டிப் பார்க்கும் குட்டிக் கதை. உங்கள் நாயகனுக்கு இப்படியொரு பூனை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

படம் பிடிக்கும் முன் பென்சிலால் வரைந்துவிடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை; கண் தவறவிட்டதைக் கை கண்டுபிடிக்கும்.

காதுக்கும் பயிற்சி வேண்டும். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றில் தவிலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடி விழும் இடத்தைவிட, விழாமல் விட்ட இடம் முக்கியம். காட்சியை எங்கே வெட்டுவது, வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்பது அதில் பிடிபடும்.

உங்கள் தெருவின் காலைச் சத்தத்தையும் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். இரவில் கண்ணை மூடிக் கேட்டு, தோன்றியதை அப்போதே எழுதி வையுங்கள்.