ஐ.சி.யூ.விலிருந்து திரும்பிய குழந்தைக்கு சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு தாய் தன் எட்டு வயதுப் பையனை அழைத்து வந்தார். பசி எடுக்கவில்லையாம், ஏதாவது லேகியம் வேண்டுமாம். விசாரித்தபோதுதான், ஆறு மாதத்துக்கு முன் டெங்கு முற்றி ஐ.சி.யூ.வில் கிடந்ததும், சிறுநீர் பிரியாமல் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ததும் தெரிந்தது.

"அதெல்லாம் சரியாப் போச்சுங்கய்யா. இப்ப நல்லா ஒண்ணுக்குப் போறான்."

"அப்புறம் பி.பி. பார்த்தீங்களா?" என்றேன்.

"சின்னப் பையனுக்குப் போய் பி.பி.யா!" என்று சிரித்துவிட்டார்.

நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான் என்ற நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. கடும் தொற்று, வயிற்றுப்போக்கால் நீர் வற்றுதல், பாம்புக்கடி, ரத்த அழுத்தம் சரிவது போன்ற நிலைகளில் இவற்றில் பல சேதமடைகின்றன. பெரும்பகுதி தேறிவிடும். தேறாததன் வேலையையும் மிச்சமிருப்பவை சேர்த்துச் சுமக்கும். குழந்தை வளர வளரச் சுமையும் கூடும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்து அவையும் தேய்ந்து போகலாம். அதுவரை சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள்.

2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 4,683 குழந்தைகளையும் இளையவர்களையும் கவனித்ததில், சுமார் 27 சதவீதம் பேருக்கு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள்? கனடாவின் வான்கூவரில் 126 குழந்தைகளை ஒன்று முதல் மூன்று வருடம் கழித்து அழைத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவின்படி 13 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். ஏறக்குறைய பாதிப் பேர் ரத்த அழுத்தம் கூடியோ, வடிகட்டும் திறன் மாறுபட்டோ எல்லைக்கோட்டில் நின்றார்கள்.

ஆகவே, மூன்று மாதத்தில் ஒரு தடவை கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அதன் பிறகு எப்போதெல்லாம் என்பதைக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் சொல்வார். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் இந்த மூன்றும் போதும். பி.பி. பட்டை குழந்தையின் கை அளவுக்கானதாக இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 120/80 என்பது நார்மல் அல்ல, அதிகம்.

கிரியாட்டினினில் ஒரு சூட்சுமம் உண்டு. 0.9 என்று வந்தால் பல லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருக்கும். அது பெரியவர்கள் கணக்கு. குழந்தையின் உயரத்தை (செ.மீ.) 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுத்துப் பாருங்கள். 120 செ.மீ. பையனுக்கு 55 வரும். 90-க்கு மேல் இருக்க வேண்டியது! நீர்க்குறி, நெய்க்குறி படித்தவன்தான் நான். ஆனாலும் ஆரம்பத்தில் கசியும் புரதம் கண்ணுக்குப் படாது, லேப்தான் சொல்லும்.

எங்கள் வைத்தியத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். "கிட்னியைச் சுத்தம் பண்ண" என்று சிறுபீளை, நெருஞ்சில் குடிநீரை நீங்களாகவே காய்ச்சிக் கொடுக்காதீர்கள். பற்பம், செந்தூரம் வேண்டவே வேண்டாம். திறன் குறைந்த சிறுநீரகத்துக்கு, பொட்டாசியம் நிறைந்த இளநீர்கூட ஆகாமல் போகலாம். அதேபோல புரூஃபென் வகை வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அந்தப் பையனுக்கு லேகியம் தரவில்லை, பரிசோதனைக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். கிரியாட்டினின் நன்றாக இருந்தது. பி.பி. மட்டும் மூன்று தடவையும் கூடுதல். சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் நின்றிருக்கிறது. போனவாரம் வந்தபோது அவனுக்கு என்மேல் கோபம்!