தலைக்கு மேல வேலையா? ஒரு நிமிஷம் நிற்போம்!



போன கூட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தோடு இந்த மாதப் பாடத்தைத் தொடங்குகிறோம். சம்பந்தப்பட்ட சகோதரி "எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று சொன்னதால், பெயர் போடாமல் எழுதுகிறோம்.

ஒரு குழுவின் ஊக்குநர் ரொக்கப் புத்தகத்தையும் கையிருப்பையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 500 ரூபாய் குறைந்தது. திரும்பத் திரும்பக் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொகை வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. "நான் எடுத்துட்டேன்னு நினைப்பாங்களே" என்று அழுதேவிட்டார்.

பக்கத்தில் இருந்த பிரதிநிதி, "புத்தகத்தை மூடுங்கக்கா. முதல்ல தண்ணி குடிங்க. கணக்கு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். 10 நிமிஷம் கழித்து இரண்டு பேரும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் கட்டிய 1,350 ரூபாய், 1,850 என்று பதிவாகியிருந்தது. அவ்வளவுதான்!

"அதை எழுதும்போது என் மனசு அங்க இல்லை. மாமியாருக்கு சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும், காலையில இருந்து நான் சாப்பிடவே இல்லை" என்றார் அவர்.

இது அவர் ஒருத்தரின் கதையா? நம் எல்லோர் வீட்டுக் கதையும் இதுதானே!

உடம்பில் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மனசு நினைத்தவுடன் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. பாம்பைக் கண்டால் இது நம்மைக் காப்பாற்றும். ஆனால் தவணை நாளைக் கண்டும் உடம்பு இதையே செய்கிறது. அந்த நேரத்தில் கணக்கு ஓடாது, நல்ல வார்த்தையும் வாயில் வராது. பிள்ளைமேல் எரிந்து விழுவோம், அப்புறம் அதற்கும் சேர்த்து அழுவோம்.

இதயத்தை "மெதுவா துடி" என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக விட முடியும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறைவது இயற்கை. அதனால் விடும் மூச்சை நீளமாக்கினால் உடம்புக்கு "ஆபத்து இல்லை" என்ற தகவல் போகிறது.

செய்கிற வேலையில் மனசை வைப்பது புத்த தியானத்தில் இருந்து வந்த பழைய பழக்கம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகக் கொடுக்கத் தொடங்கினார். நமக்குத் தனி அறையும் வேண்டாம், பாயும் வேண்டாம். இருக்கிற இடமே போதும்.

நாம் செய்யக்கூடிய நாலு பழக்கங்கள்

1. மூன்று மூச்சு: பேனா எடுக்கும் முன், போன் எடுக்கும் முன், பிள்ளையைத் திட்டும் முன் நிற்போம். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுவோம். மூன்று தடவை போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடலாம்.

2. பாதம்: சிலருக்கு மூச்சைக் கவனித்தால் பயம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். ரேஷன் கடை வரிசை, பஸ் நிறுத்தம், குழாயடி, எங்கேயும் செய்யலாம்.

3. ஒரே ஒரு வேலை: தினமும் ஒரு வேலையை மட்டும் முழு மனசோடு செய்வோம். பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சி, சத்தம், கையில் படும் நுரை இவற்றைக் கவனிப்போம். மனசு கடனுக்கும் கல்யாணத்துக்கும் ஓடும். ஓடட்டும், திட்ட வேண்டாம். மேயப் போன ஆட்டைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பிக்கொண்டு வருவோம். அந்தத் திருப்புதல்தான் பயிற்சி.

4. தாளில் இறக்குவோம்: மனசில் இருக்கிறதை எல்லாம் எழுதிவிட்டு மூன்றாகப் பிரிப்போம்: இன்று நான் செய்ய வேண்டியது, இன்னொருவரிடம் கொடுக்கக்கூடியது, அடுத்த வாரம் வரை பொறுக்கக்கூடியது. எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துச் சகோதரியிடம் சொல்லலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்

மூச்சு விட்டால் கடன் அடையாது. குடிக்கிற கணவர் திருந்திவிட மாட்டார். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிப்பது தெரிந்தது. ஆண்கள் 88 நிமிடம். இந்த வித்தியாசத்தைப் பெண்கள் பொறுமையாலேயே சரிக்கட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பதற்றம் அடங்கினால்தான் "இந்த வேலையை நீங்க பாருங்க" என்று வீட்டில் நிதானமாகக் கேட்க முடியும். தவணை கட்ட முடியாத மாதத்தில் ஒளிந்துகொள்ளாமல் குழுவில் முன்கூட்டியே சொல்ல முடியும்.

நுண்கடன் வாங்கியவர்களை மிரட்டியோ அவமானப்படுத்தியோ வசூலிக்கக்கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. இதுவும் நம் மனசுக்கு மருந்துதான்!

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்போம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

குழுவில் செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலிக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிஷம் அமைதியாக உட்காருவோம். பிறகு பேசுவோம்:

* இந்த வாரம் எப்போது மலைத்துப்போய் நின்றோம்? உடம்பில் எங்கே தெரிந்தது?
* நம் வேலையில் எதை, யாரிடம் கொடுக்கலாம்?
* நம் குழுவில் சமீபமாகப் பேச்சு குறைந்துபோன சகோதரி யார்? அவரை யார் போய்ப் பார்ப்பது?

மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம், செய்து முடித்தால் போதும்.

அந்த ஊக்குநர் இப்போது ரொக்கப் புத்தகத்தைத் திறக்கும் முன் மூன்று மூச்சு விடுகிறாராம். கணக்கு எழுதும்போது இன்னொருவர் கூட உட்கார வேண்டும் என்று அவர் குழு முடிவும் எடுத்திருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!