படம் முடிந்ததும் விளக்கைப் போடு

கண்டி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹந்தானைச் சரிவில் பிள்ளைகளுக்குச் சித்திரமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற உங்கள் சின்ன மண்டபத்தில், வார இறுதியில் படம் போட ஆசை என்று எழுதியிருக்கிறாய். எந்தப் படத்தில் தொடங்கலாம், எப்படிப்பட்ட புரொஜெக்டர் வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் நீ கேட்காத ஒன்று.

படம் பார்க்க இன்றைக்கு யாருக்கும் மண்டபம் தேவையில்லை. லயத்துப் பையன் கையிலும் போன் இருக்கிறது. பேராதனை மாணவியிடம் மடிக்கணினி இருக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் மழையில் நனைந்துகொண்டு உங்கள் மேட்டுக்கு ஏன் ஏறி வரவேண்டும்? படம் முடிந்த கையோடு அதைப் பற்றிப் பேச அங்கே நாலு பேர் இருப்பார்கள் என்றால் வருவார். அந்தப் பேச்சுக்காகத்தான் நீ படம் போடுகிறாய் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், படத்தைத் தெரிவு செய்வதிலிருந்து கதிரை போடுவதுவரை எல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1925இல் லண்டனில் சிலர் ஃபிலிம் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கி, ஞாயிறு பிற்பகலில் ஒரு திரையரங்கை வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். கடைத்தெருத் தியேட்டரில் வராத படங்களும் தணிக்கை அனுமதிக்காத படங்களும் அங்கே வந்தன. ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. 1929இல் இந்தச் சங்கத்தார் தங்கள் உறுப்பினர்களுக்கு அதைக் காட்டினார்கள். அதே படத்தோடுதான் 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் விளம்பரக் கம்பனியில் படம் வரைந்துகொண்டிருந்த சத்யஜித் ராயும், சிதானந்த தாஸ்குப்தாவும், பன்சி சந்திரகுப்தாவும் இருந்தார்கள். எட்டு வருடம் கழித்து ‘பதேர் பாஞ்சாலி’ வந்தபோது ராய் அதன் இயக்குநர், சந்திரகுப்தா அதன் கலை இயக்குநர். உங்கள் மண்டபத்திலிருந்து ஒரு ராய் வருவார் என்று நான் சொல்லவில்லை. வராவிட்டாலும் குறையில்லை. ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்தில் படத்தைப் பார்த்து, சண்டை போட்டு, மறுபடி பார்த்த பழக்கம் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

கேரளத்தில் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் நண்பர்களோடு ஒடெஸா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் ‘த கிட்’ படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் காசு சேர்த்தார்கள். அந்தக் காசில்தான் 1986இல் ‘அம்ம அறியான்’ உருவானது. நம் நாட்டிலும் யாழ்ப்பாணத்தில் 2015இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. போர் தின்ற ஊரில் அது முடிகிறதென்றால் ஹந்தானையில் ஒரு ஞாயிறு மாலை முடியாதா?

உன் முதல் படமும் ‘த கிட்’தான் ஆகட்டும். 1921இல் வந்த மௌனப்படம். நூறு வருடம் தாண்டிவிட்டதால் உரிமைச் சிக்கலும் குறைவு. ஒரு மணி நேரம் போல ஓடும். குழந்தையும் பார்க்கும், ஆச்சியும் பார்ப்பார். இடையிடையே வரும் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. ஜப்பானில் மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல பென்ஷி என்ற கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களைக் கேட்கவே சனம் போனது. நீயும் உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகளைப் பிடி. ஒருவர் தமிழில் வாசிக்கட்டும், மற்றவர் சிங்களத்தில் வாசிக்கட்டும். ஒரே சிரிப்பு இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்று அவர்கள் ஒத்திகை பார்க்கும்போதே உன் சங்கத்தில் பாதி உருவாகிவிடும்.

இந்த இரண்டு மொழி விஷயத்தில் யாரும் உன்னைப் பயமுறுத்த விடாதே. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். படம் உருவானது மதுரைப் பக்கத்து ஸ்டூடியோவில். முப்பது வருடம் கழித்து, 1977இல், யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் கேள்வி கேட்ட ‘பொன்மணி’யைத் தமிழில் இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, கண்டிக்காரர், பேராதனையில் படித்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அந்தப் படம் அப்போது ஓடவில்லை. இன்றைக்கு உங்கள் மண்டபத்தில் ஓடலாம்.

‘த கிட்’டுக்குப் பிறகு உன் மலைக்கு வா. ‘ஹந்தானே கதாவ’ 1969இல் வந்த சிங்களப் படம். இயக்கியவர் சுகதபால செனரத் யாப்பா. பேராதனை மாணவர்களின் காதலும் விளையாட்டுமாகப் போகும் கதை. நடிகர் விஜய குமாரதுங்க திரைக்கு வந்த முதல் படமும் இதுதான். இதே மலையில் எத்தனையோ பேர் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிறார்கள். அந்தப் படத்தின் ஹந்தானையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது? நீ பதில் சொல்லிவிடாதே. பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இனி, நான் மிகவும் விரும்பிக் கேட்பது ‘சோங் ஒஃப் சிலோன்’. 1934இல் பேசில் ரைட் எடுத்த ஆவணப்படம், ஏறக்குறைய நாற்பது நிமிடம். காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலை விற்க எடுக்கச் சொன்ன படத்தில் ரைட் வேறு ஏதோ செய்துவிட்டார். நான்கு பகுதிகள். முதலாவதில் சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரிகர்கள். கடைசியில் கண்டி நடனம். பின்னணியில் ஒலிக்கும் வாசகங்களில் பெரும்பகுதி ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தவை. நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர். உன் மண்டபத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைகளுக்கு நடுவில்தான் அவர் பல வருடம் கழித்தார். படத்தில் அந்த வாசகங்களை வாசிப்பவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்.

மூன்றாம் பகுதிக்கு வணிகத்தின் குரல்கள் என்று பெயர். திரையில் மலையும் வேலையும் கொழுந்து எடுக்கும் கைகளும். காதில் சந்தை விலைகளும் வியாபாரக் கடிதங்களும் தந்திச் சத்தமும். படம் ஒன்று சொல்கிறது, ஒலி வேறொன்று சொல்கிறது. இரண்டும் உரசும் இடத்தில்தான் ரைட்டின் கெட்டித்தனம் இருக்கிறது. தேயிலை எங்கிருந்து எங்கே போகிறது, யார் விலை வைக்கிறார்கள் என்பதை ஒரு புள்ளிவிபரமும் இல்லாமல் அந்தப் பகுதி சொல்லிவிடுகிறது. உலக ஆவணப்பட வரலாற்றில் இதைப் பெரிதாகப் பேசுவது நியாயம்தான்.

ஆனால் உன் மண்டபத்தில் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். விலை பேசுகிறவர்களுக்குக் குரல் இருக்கிறது. நொக்ஸுக்கு வென்டின் குரல் இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் என்ன மொழி பேசுவார்கள், எங்கிருந்து வந்தவர்கள் என்பது படத்துக்குத் தேவைப்படவே இல்லை. லண்டனில் பார்த்தவருக்கு இது உறைத்திருக்காது. ஹந்தானை லயத்திலிருந்து வந்து உட்காரும் அம்மாவுக்கு முதல் பார்வையிலேயே உறைக்கும். கூடையைத் தலையில் மாட்டுகிற விதம், கை போகிற வேகம், துரை நிற்கிற நிலை என்று எந்தத் திரைப்படப் பேராசிரியருக்கும் கண்ணில் படாத பத்து விஷயம் அவர் சொல்வார். ஹந்தானைத் தேயிலை நூதனசாலை உன் மண்டபத்துக்குத் தூரமில்லை. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் அது. உள்ளே பழைய இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஓட்டிய ஆட்களைப் பற்றிய பேச்சை உன் மண்டபத்தில் தொடங்கலாம்.

பேச்சை நடத்துவது பற்றிச் சொல்லவேண்டும். படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடு. ஆட்கள் செருப்புத் தேடுவதற்குள் முதல் கேள்வி வந்துவிடவேண்டும். “படம் எப்படி?” என்று மட்டும் கேட்காதே. “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு எல்லாரும் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். “எந்த இடம் கண்ணிலேயே நிற்குது?” என்று கேள். “யார் கடைசிவரைக்கும் பேசவே இல்லை?” என்று கேள். கம்பஸ் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், அதுதான் ஆபத்து. அவர்களைக் கடைசியில் பேசவிடு. தோட்டத்திலிருந்து வந்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் முதலில் வாய் திறக்கட்டும். நீ ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் உன்னை யாராவது நிறுத்தவேண்டும், அதற்கும் ஓர் ஆளை வைத்துக்கொள்.

பிரதம அதிதியை அழைக்காதே. மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம் என்று போனால் படம் தொடங்கும்போது பாதிச் சனம் தூங்கிவிடும், மீதிச் சனம் கிளம்பிவிடும். படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம்: யார் எடுத்தது, எப்போது, எதற்காகப் போடுகிறோம். கதையைச் சொல்லிவிடாதே.

சாமான்களைப் பற்றிக் கேட்டாய். உங்கள் மண்டப அளவுக்கு மூவாயிரம் லூமன் வெளிச்சம் உள்ள புரொஜெக்டர் போதும், மூன்று வருடம் பழையதானாலும் பரவாயில்லை. வாங்குமுன் அதன் த்ரோ விகிதத்தைப் பார், 1.5 என்று போட்டிருந்தால் இரண்டு மீற்றர் அகலத் திரைக்கு மூன்று மீற்றர் தள்ளி வைக்கவேண்டும். பெட்ஷீட் கட்டாதே, காற்றில் ஆடும், வெளிச்சம் பின்னால் ஊறிப்போகும். சமதளமான சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடித்தால் அதைவிட நல்லது. காசை மிச்சப்படுத்தி ஒலிக்குப் போடு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் பொறுக்கும், வசனம் கேட்காவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். ஸ்பீக்கர் திரைக்கு இரண்டு பக்கமும், காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் கூரை தகரம் என்பதையும் மறக்காதே. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை பிடித்தால் எந்த ஸ்பீக்கராலும் ஒன்றும் செய்யமுடியாது; அந்த மாதங்களுக்கு மௌனப்படங்களை ஒதுக்கு.

நேரம்: சனிக்கிழமையை விடு. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் டியூஷனும் முடிந்து, பகலில் டவுனுக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். மூன்றரைக்குத் தொடங்கி, பேச்சையும் சேர்த்து ஆறுக்குள் முடி. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரமுடியாத கூட்டத்துக்கு அம்மாக்கள் இரண்டாம் முறை அனுப்பமாட்டார்கள்.

உரிமை விஷயத்தில் சோம்பல்படாதே. வீட்டில் பார்க்க வாங்கிய படத்தை மண்டபத்தில் போடுவது வேறு கணக்கு. இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ ஒரு கடிதம் எழுது. இலவசக் காட்சி, இத்தனை பேர், இன்ன தேதி என்று எழுதினால் நம் நாட்டு இயக்குநர்கள் பலர் சம்மதிப்பார்கள், சிலர் தாங்களே வந்து பேசவும் செய்வார்கள். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. பிரெஞ்சுப் படங்களுக்கு அவர்களைக் கேட்கலாம். பழைய இலங்கைப் படங்களில் நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம், ஆனால் நிலைமை மாறுகிறது: சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ 1978இல் வந்தது, அதைப் புதுப்பித்து 2025இல் கான் விழாவில் காட்டினார்கள். உன் பட்டியலில் அது இருக்கவேண்டும்.

ஒரு கொப்பி வாங்கி வை. படத்தின் பெயர், தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை, யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுது. ஏழு பேர் வந்தால் ஏழு என்றே எழுது. ஏழு பேர் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அது நல்ல காட்சி.

புரொஜெக்டரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ‘த கிட்’டைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கப்போகும் இரண்டு பிள்ளைகளை இந்த வாரமே பிடித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா