பழைய காருக்குப் பின்சக்கர டிஸ்க் பிரேக்: காலிப்பரை எங்கே பொருத்துவது?

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், கோவில்பட்டிப் பக்கம் அதை வீட்டு ஆள் போலப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் பின்சக்கரத்துக்குக் கம்பெனி கொடுத்தது டிரம் பிரேக். அதைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக, என் வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. முன்சக்கரம் டிரம்மாகவே இருக்கும்போது பின்னால் மட்டும் டிஸ்க் போடாதீர்கள். பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். அப்போது பின்பிரேக் முந்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகி, வண்டியின் பின்பக்கம் வழுக்கித் திரும்பும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றும் அவசியம்.

2. காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நிப்பிள் கீழே போனால் பிரேக் ஆயில்தான் வெளியேறும். காற்று மேலே தங்கிவிடும். என் வண்டியில் இது நடந்தது. பாட்டிலில் விட்ட ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பகல் முழுக்க மிதித்த பிறகு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, எடதும் வலதும் மாறிக் கெடக்கு” என்றார். மாற்றி மாட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் கல் மாதிரி நின்றது.

3. காலிப்பர் அச்சுக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் பிடிக்கும் பலம் ஒன்றுதான். எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பின்னால் இருக்கும்படி செய்த காலிப்பரை முன்னால் கொண்டுவந்தால், இடதுபக்கத்ததை வலதிலும் வலதுபக்கத்ததை இடதிலும் மாட்ட வேண்டும். அப்போதுதான் நிப்பிள் மேலேயே நிற்கும். அச்சுக்கு நேர் கீழே தொங்கவிடுவது நம் கரிசலுக்கு ஆகவே ஆகாது; ஐப்பசி மழையில் காட்டுப்பாதையில் ஒரு தடவை போய் வந்தாலே களிமண் அப்பிக்கொள்ளும். நேர் மேலே வைத்தால், பள்ளத்தில் விழுந்து அச்சு எழும்போது சேஸிஸில் இடிக்கலாம்.

4. பிராக்கெட்டுக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். நம் ஊரில் தீப்பெட்டி பண்டல் வரும் கெட்டி அட்டைக்கா பஞ்சம்? பேக் பிளேட் கழன்ற இடத்தில் உள்ள போல்ட் துளைகளை அதில் பதித்து, காலிப்பரைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இடம் சரியான பிறகு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தகடு 10 மி.மீ. கனத்துக்குக் குறைய வேண்டாம். போல்ட் தலையில் 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். காலிப்பரின் வார்ப்பிரும்புக் காதில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், விரிசல் விடும்.

5. டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓட வேண்டும். வித்தியாசம் இருந்தால் பிராக்கெட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவே ஷிம் வையுங்கள். அதற்கும் முன்னால் ஹப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹப் ஆடினால் டிஸ்க் பேடைத் தள்ளித் தள்ளி விடும். முதல் மிதியில் பெடல் இறங்கிப் போகும்.

6. சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் இடைவெளி எவ்வளவு என்று அறிய, சப்பாத்தி மாவு போதும். காலிப்பரின் மேல் ஓர் உருண்டை ஒட்டி, சக்கரத்தை மாட்டி மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் மாவின் கனம்தான் இடைவெளி. 3 மி.மீ. இருந்தால் சக்கரம் உரசாது. ஆனால் கரிசல் மண்ணுக்கும் இடம் விட வேண்டும் என்பதால் நான் அதற்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

7. பாடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சு முழுக்கத் தொங்கும்போது ரப்பர் ஹோஸ் இழுபடுகிறதா பாருங்கள். பிறகு இறக்கி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் ஸ்பிரிங் பட்டையில் உரசுகின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

8. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கலாம். அது இருந்தால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு சக்கரத்தின் அருகே கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். அதிக அனல் அடித்தால் அங்கே உரசல் இருக்கிறது.

9. வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

10. எல்லா போல்ட்டையும் முறுக்கிய பிறகு, போல்ட் தலையையும் பிராக்கெட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது.