சட்டையும் சன்னலும்

நுழையும்முன்

அரசர்களும் போர்களும் மட்டுமே கதைக்குரிய பொருள்கள் அல்ல. மாத ஊதியத்தை எண்ணிச் செலவிடும் ஓர் எழுத்தரின் வாழ்க்கையும், மழைக்கு ஒழுகும் அவர் வீட்டுக் கூரையும் இலக்கியமாகும் தகுதி உடையன. அத்தகைய எளிய வாழ்வைத் தம் புனைகதைகளின் நடுவே நிறுத்தியவர், இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல. அவருடைய வாழ்வையும் இரு புதினங்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

சிற்றூரில் முளைத்த எழுத்து

இன்றைய சத்தீசுகர் மாநிலத்தில் உள்ள ராஜ்நாந்த்காவ் என்னும் ஊரில், 1937ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வினோத் குமார் சுக்ல பிறந்தார். அவ்வூர்க் கல்லூரியில் பணியாற்றிய புகழ்பெற்ற இந்திக் கவிஞர் முக்திபோத், இளைஞரான சுக்லவின் கவிதைகளைப் படித்து ஊக்கமளித்தார். சுக்ல கற்றது வேளாண்மைக் கல்வி. ராய்ப்பூரில் அத்துறையின் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே அவர் எழுதிவந்தார். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 1971இல் வெளிவந்தது. பெருநகரங்களை நாடிச் செல்லாமல் ராய்ப்பூரிலேயே வாழ்ந்தார். அருகிலிருந்து கண்ட மனிதர்களே அவருடைய கதைமாந்தர் ஆயினர்.

அளவெடுக்கப்படும் மனிதன்

சுக்லவின் முதல் புதினமான 'நௌக்கர் கீ கமீஸ்' (வேலைக்காரனின் சட்டை) 1979இல் வெளியானது. அதன் நாயகர் சந்து பாபு, அரசு அலுவலக எழுத்தர். அவர் குடியிருக்கும் வாடகை வீடு மழையில் ஒழுகுகிறது. வீட்டு உரிமையாளர் இல்லத்தின் வேலைகளுக்கு அவர் மனைவி அழைக்கப்படுகிறார். வாடகைக்குக் குடியிருப்பவரால் அதை எளிதில் மறுக்க இயலவில்லை.

அலுவலகத்தின் உயர் அதிகாரி, நல்ல வேலைக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார். அந்த அளவில் சட்டை ஒன்றும் தைக்கப்பட்டிருக்கிறது. அதை அணியத் தக்க ஆளைத் தேடுகிறார்கள். ஒருநாள் அச்சட்டை சந்து பாபுவுக்கு வலிந்து அணிவிக்கப்படுகிறது. அது அவருக்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது!

பொதுவாக, மனிதனுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பர். இங்கோ சட்டைக்கு ஏற்ற மனிதன் தேடப்படுகிறான். கோப்பு எழுதவந்தவர் சிறிது சிறிதாக ஏவலராக மாற்றப்படுவதை இந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது. அடியோ வசையோ இல்லாமலும் ஒருவரின் தன்மதிப்பைப் பறிக்க முடியும் என்பதை இப்புதினம் புலப்படுத்துகிறது. இதனை இயக்குநர் மணி கௌல் 1999இல் திரைப்படமாக்கினார்.

சுவரில் ஒரு சன்னல்

சட்டை மனிதனை இறுக்குகிறது என்றால், சன்னல் அவனுக்கு வெளியைத் தருகிறது. 'தீவார் மே ஏக் கிடுக்கீ ரஹதீ தீ' (சுவரில் ஒரு சன்னல் இருந்துவந்தது) என்னும் புதினத்தின் நாயகர் ரகுவர் பிரசாத், சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் கணித விரிவுரையாளர். அவரும் புதுமனைவி சோன்சியும் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துகின்றனர். கல்லூரிக்குச் செல்ல நெரிசல் மிகுந்த டெம்போவுக்குக் காத்திருக்கும் அவரை, யானைமேல் வரும் சாது ஒருவர் ஏற்றிச்செல்கிறார்.

அந்த அறையின் சன்னலைத் தாண்டிக் குதித்தால் வேறோர் உலகம் விரிகிறது. அங்கே குளங்கள் உள்ளன. மரங்களும் பறவைகளும் உள்ளன. அன்போடு தேநீர் தரும் மூதாட்டியும் இருக்கிறார். இது வாழ்க்கைச் சிக்கலிலிருந்து தப்பி ஓடுவதாகாதா என்னும் வினா எழலாம். அவ்விருவரும் ஒவ்வொரு முறையும் தம் அறைக்கே திரும்பிவருகின்றனர். மறுநாள் அவர் பணிக்குச் செல்கிறார். அவள் அடுப்பு மூட்டுகிறாள். வறுமையில் வாழ்வோர்க்கு உணவும் உறைவிடமும் கிடைத்தால் போதும் என்று பிறர் எண்ணக்கூடும். அழகும் காதலும் ஓய்வும் அவர்களுக்கும் உரியவை என்கிறது இப்புதினம்.

நடையின் எளிமை

சுக்லவின் மொழி அன்றாடப் பேச்சுக்கு நெருக்கமானது. துயரத்தையும் வியப்பையும் அவர் ஒரே அமைதியோடு சொல்கிறார். கதைமாந்தருக்காக அவர் அழுவதில்லை. அவர்களை எள்ளி நகையாடுவதும் இல்லை. அதனால்தான் யானை வருவதும் மாத இறுதியில் பணம் தீர்வதும் அவர் கதையில் ஒரே இயல்போடு நிகழ்கின்றன.

தேடிவந்த சிறப்புகள்

சன்னலைப் பற்றிய புதினத்திற்காக 1999ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைச் சுக்ல பெற்றார். 2023இல் பன்னாட்டு இலக்கியச் சாதனைக்கான பென்/நபக்கோவ் விருதும், 2024ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. ஞானபீட விருது பெற்ற முதல் சத்தீசுகர் எழுத்தாளர் அவரே. முதுமையில் குழந்தைகளுக்காகவும் மிகுதியாக எழுதிய அவர், 2025 திசம்பர் 23 அன்று ராய்ப்பூரில் மறைந்தார்.

பிறர் தைத்துவைத்த சட்டைக்குள் மனிதர்களை அடைக்கும் போக்கு இன்றும் மறையவில்லை. வீட்டு வேலை செய்வோரையும் கடைநிலை ஊழியரையும் நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம்? சுக்லவின் புதினங்களைப் படித்து முடிப்பவர் இவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்வர்.

கற்பவை கற்றபின்

1. சட்டை, சன்னல் ஆகிய இரண்டும் உணர்த்தும் பொருளை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. நீங்கள் நாள்தோறும் காணும் உழைப்பாளர் ஒருவரின் ஒருநாள் வாழ்வைச் சிறுகதையாக எழுதுக.